சோன் ஆற்றில் ஒரு நாள்: சென்னைக் குடும்பம் தானே படகு ஓட்டிப் போவது எப்படி

பிரான்சில் ஒரு குடும்பம், படகு ஓட்டும் உரிமம் எதுவும் இல்லாமலே, படுக்கையறையும் சமையலறையும் உள்ள டீசல் படகை வாடகைக்கு எடுத்து ஆற்றில் தானே ஓட்டிப் போகலாம். ராயபுரத்தில் இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. காசிமேடு துறைமுகத்துக்கு வரும் விசைப்படகுகளின் என்ஜின்களைப் பிரித்து மாட்டுவது என் தொழில். மகள் திஜோன் நகரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது நான், மனைவி, மாமியார், மகள், பேரன் எல்லோருமாகச் சோன் ஆற்றுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பீகாரில் கங்கையோடு கலக்கும் சோன் வேறு. இது வோஜ் மலைப்பகுதியில் வியோமெனில் என்ற சிற்றூரில் பிறந்து, சுமார் 480 கிலோமீட்டர் தெற்கே ஓடி, லியோன் நகரில் ரோன் ஆற்றோடு சேர்கிறது.

எப்படிப் போவது என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் எழுதுகிறேன். வெள்ளி மாலை படகை வாங்கித் திங்கள் காலை ஒப்படைக்கும் வார இறுதி வாடகையை வைத்துக்கொள்வோம். அதில் சனிக்கிழமை ஒரு நாளை நல்ல நாளாக ஆக்குவதற்கு உரிய குறிப்புகள் இவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இன்று எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று கணக்குப் போட்டு அந்த நாளைத் தொடங்காதீர்கள். எத்தனை லாக் (அது என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்), அவை எப்போது திறந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கரையில் கட்டுவது என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். கிலோமீட்டர் தானே அமையும். வாடகைப் படகுகள் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. ஒரு லாக்கைக் கடக்க இருபது நிமிடமோ அரை மணியோ ஆகும். முன்னால் வேறு படகு நின்றால் இன்னும் கூடும். எங்கள் சனிக்கிழமை வழி சுமார் 18 கிலோமீட்டர்தான். நிற்காமல் போனால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம் அது. நாங்கள் அதற்குக் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை எடுத்துக்கொள்கிறோம்.

லாக் என்றால் என்னவென்று சென்னைக்காரருக்கு ஒரு வரியில் சொல்லலாம். ஆற்றை அணைகட்டிப் படிப்படியாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் படகை ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவு வைத்த கல் தொட்டிதான் லாக். நம் பக்கிங்காம் கால்வாயிலும் இவை இருந்தன. ஆந்திராவின் பெத்த கஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட கால்வாய் அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டினார்கள். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்னைக்குள் வந்துகொண்டிருந்தன. இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. பிரான்சில் அதே காலத்து நீர்வழிகள் இன்னும் படகு போகும் நிலையில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஏக்கம் வருகிறது. அங்கே நீர்வழிகளைப் பராமரிக்க வி.என்.எஃப். என்ற அரசு அமைப்பு தனியாக இருக்கிறது. சுமார் 6,700 கிலோமீட்டர் அதன் பொறுப்பில்.

எந்த ஆறு, எந்த ஊர்

தென்பிரான்சின் மிதி கால்வாய்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1681இல் திறந்தது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது, அழகானது. ஆனால் அங்கே லாக்குகள் நெருக்கமாக வரும், கோடையில் கூட்டமும் அதிகம். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை. லொத், ஷாரான்த் போன்ற ஆறுகளில் பல லாக்குகளை நாமே கைப்பிடி சுற்றித் திறக்க வேண்டும். உடல் உழைப்பை விரும்பும் இளைஞர்களுக்கு அது நன்றாக இருக்கும். முதியவரும் குழந்தையும் சேர்ந்து போவதென்றால் சோன் ஆறுதான் என் தேர்வு. ஆறு அகலம், லாக்குகள் குறைவு, அவையும் பெரும்பாலும் தானியங்கி.

சோன் ஆற்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில், லியோன் வரை, 185 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட ஐந்து பெரிய லாக்குகள் இருக்கின்றன. சரக்குக் கப்பல்களுக்காகக் கட்டியவை. மேற்பகுதியைச் சின்னச் சோன் என்றே அழைக்கிறார்கள். அங்குள்ள லாக்குகள் ஏறத்தாழ 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரெசினே 1879இல் கொண்டுவந்த சட்டம் நாடு முழுவதற்கும் வகுத்த அளவு அது. நிதானமான நாளுக்கு ஏற்றது இந்த மேற்பகுதி.

புறப்படும் ஊர் சேன் ஜான் த லோன். பரப்பளவில் பிரான்சின் மிகச் சிறிய ஊராட்சிகளில் ஒன்று. அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் படகுக்காரர்களுக்கு அது பெரிய சந்திப்பு. 242 கிலோமீட்டர் நீளமும் 189 லாக்குகளும் கொண்ட பர்கண்டி கால்வாய் இங்கே ஆற்றோடு சேர்கிறது. சில கிலோமீட்டர் மேலே ரைன் ஆற்றை நோக்கிப் போகும் கால்வாய் பிரிகிறது. ஊருக்குள் பெரிய நீர்த்தேக்கத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் கட்டிக்கிடக்கும். பழைய சரக்குப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் உண்டு. அங்கே நின்றால் டீசலும் கிரீஸும் கலந்து வரும் வாசனையில் எனக்குக் காசிமேட்டை விட்டு வந்த நினைவே வராது. 1636இல் புனித ரோமானியப் பேரரசின் பெரும் படை முற்றுகையிட்டபோது ஊர்மக்களே சேர்ந்து நின்று காத்த ஊர் இது. அரசர் பதிமூன்றாம் லூயி அதற்காக வரிவிலக்குக் கொடுத்தார்.

போய்ச்சேரும் ஊர் ஓசொன். பெயரை எழுதும்போது நடுவில் எக்ஸ் எழுத்து வரும், உச்சரிக்கும்போது ஓசொன்தான். டிக்கெட் கேட்கும்போது இது உதவும். இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு, இரண்டுக்கும் திஜோனிலிருந்து வட்டார ரயில் போகிறது. பாரிசிலிருந்து திஜோனுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

சென்னையில் செய்ய வேண்டியவை

விசா வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாட்களுக்குள் தள்ளிவிடக் கூடாது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆற்றில் கழிக்கும் இரவுகளுக்குத் தங்குமிடச் சான்றாக நாங்கள் படகு ஒப்பந்தத்தையே இணைத்தோம்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் எத்தனை படுக்கை என்று பார்க்கிறார்கள். நீங்கள் படிகளைப் பாருங்கள். சில படகுகளில் சமையலறைக்கு நான்கு படி இறங்கி, ஓட்டும் இடத்துக்கு ஐந்து படி ஏற வேண்டும். என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒரே மட்டத்தில் தளம் உள்ள படகாக, கைப்பிடிக் கம்பி சுற்றிலும் உள்ளதாகப் பார்த்து எடுத்ததால், அத்தை காலையிலிருந்து இரவு வரை யாரையும் கூப்பிடாமல் தானே நடமாடுகிறார். முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு மோட்டார் இருக்கும் படகாகவும் கேளுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுக்கலாம். குறுகலான இடத்தில் படகின் மூக்கைத் திருப்ப அது கைகொடுக்கும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். நான் ஜூன் முதல் பாதியைச் சொல்வேன். அப்போது அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். வாடகைப் படகை இருட்டிய பின் ஓட்டக் கூடாது என்பது விதி. ஜூனில் அந்த விதி நம்மைத் தொடுவதே இல்லை. மே 1 அன்று லாக்குகள் மூடியிருக்கும், அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். வசந்தத்தில் மழை வலுத்தால் சோன் கரை புரண்டு வயல்களுக்குள் ஏறிவிடும். கிளம்பும் வாரத்தில் வி.என்.எஃப். வெளியிடும் நீர்வழி அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

மொட்டைமாடியில் ஒரு பயிற்சி செய்யுங்கள். பத்து மீட்டர்க் கயிற்றை வாங்கி, வளையமாகச் சுருட்டி, பாதியை வலக்கையிலும் பாதியை இடக்கையிலும் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் குழாயைக் குறிவைத்து வீசுங்கள். வீட்டில் யார் கை நேராகப் போகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. ஆற்றில் அணியத்துக் கயிறு, அதாவது படகின் முன்முனைக் கயிறு, எப்போதும் அவள் பொறுப்பு.

மூட்டையில் மூன்று லிட்டர் குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம் போதும். காய்கறியும் பழமும் வெள்ளிக்கிழமை காலை திஜோனின் கூரையிட்ட சந்தையில் வாங்கிவிட்டு ரயில் ஏறுங்கள். ஜூனிலும் ஆற்றின் மேல் விடிகாலை குளிரும். கம்பளிக் குல்லாயும் காற்றுப் புகாத மேற்சட்டையும் ஆளுக்கொன்று வேண்டும். தோல் கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும்.

படகை வாங்கும்போது

நிறுவனத்தார் ஒரு மணி நேரம் போலக் கற்றுக்கொடுத்து, கையெழுத்து வாங்கி, அந்த வாடகைக் காலத்துக்கு மட்டும் செல்லும் சான்று தருகிறார்கள். அதுதான் உரிமம். முன்பணம் பிடித்துவைத்துத் திருப்பித் தருவார்கள். டீசலுக்குப் பெரும்பாலும் என்ஜின் ஓடிய மணிக்கணக்கில் வாங்குவார்கள். ஆகவே மணிக்காட்டியின் எண்ணை வாங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேர் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆண்கள் மட்டும் நின்று கேட்டுவிட்டுப் பெண்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பது நம் வழக்கம்; இங்கே அது ஆபத்து. ஓட்டுபவருக்குத் திடீரென்று முடியாமல் போனால் நடு ஆற்றில் படகை நிறுத்தத் தெரிந்த இன்னொருவர் வேண்டும்.

நீச்சல் தெரியாதவர் தளத்தில் நிற்கும் நேரமெல்லாம் உயிர்காப்பு உடையோடு இருக்க வேண்டும். பேரனுக்கு அளவான உடை இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் ஓட்டுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளுவது. அதற்குப் பிறகுதான் மிதவை எறிவதும் மற்றதும். புரொப்பெல்லர் வெட்டிய காயங்களை என் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வரியைப் படகில் உள்ள எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கயிறு அவிழ்ப்பேன்.

சனிக்கிழமை காலை

காபிக்கு முன்னால் என்ஜின். மூடியைத் திறந்து எண்ணெய்க் குச்சியைத் துடைத்து அளவு பாருங்கள். குளிர்நீர் அளவு, பெல்ட்டின் இறுக்கம். ஆற்றுநீர் உள்ளே வரும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கும், அதில் பாசி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் கிரீஸ் கிண்ணம் இருந்தால் அதைத் தினமும் ஒரு சுற்று, கைக்கு இறுக்கம் தெரியும் வரை திருக வேண்டும். தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் இருப்பது அதனால்தான். பிறகு ஸ்டார்ட் செய்து, புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் துப்புகிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள். துப்பவில்லை என்றால் உடனே அணைத்துவிட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். இவ்வளவும் பத்து நிமிட வேலை. காசிமேட்டில் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவர் இதைச் செய்துவிட்டுத்தான் கயிறு அவிழ்க்கிறார். சுற்றுலாப் படகு என்பதால் என்ஜின் வேறு மாதிரி நடந்துகொள்ளாது.

அதற்குள் மனைவி சோறு வடித்துப் புளியோதரை கலந்துவிடுவாள். படகு கட்டியிருக்கும்போதே சமையலை முடித்துவிடுவது எங்கள் வீட்டு விதி. லாக்குக்குள் அடுப்பு எரியக் கூடாது. மகள் ரொட்டிக் கடைக்குப் போய்ச் சூடான நீள ரொட்டியும், பக்கத்து ஜூரா மலைப்பகுதியின் கொந்தே சீஸும் வாங்கி வருவாள். குடிநீர்த் தொட்டியைத் துறைக் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ரப்பர் உருளைகள் பக்கவாட்டில் தொங்கட்டும். நாம் பழைய டயர் கட்டித் தொங்கவிடும் அதே வேலைக்குத்தான் அவை. ஸ்டீயரிங் திருப்பியதும் படகு திரும்பாது. பாரம் ஏற்றிய மீன்பாடி வண்டியை வளைவில் ஒடிப்பதுபோல் முன்கூட்டியே தொடங்கி, திரும்ப ஆரம்பித்தவுடனே எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பாம்புபோல் வளைந்துதான் போகும். பிறகு கை பழகிவிடும். பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் நியூட்ரலில் ஒரு மூச்சு பொறுத்து, பிறகு மெதுவாகப் பின்கியர். பின்னால் போகும்போது ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாலை விதியும் இங்கே தலைகீழ். வலப்பக்கமாகப் போக வேண்டும். மிதவைகளின் நிறம் குழப்பும்: ஆற்றின் கரைகளுக்கு இடம் வலம் என்று பெயர் வைப்பது நீரோட்டத் திசையில் நின்று பார்த்து. வலக்கரைக்குச் சிவப்பு, இடக்கரைக்குப் பச்சை. நாம் அன்று எதிர்நீரோட்டத்தில் போகிறோம், ஆகவே சிவப்பு நமக்கு இடப்பக்கம் வரும். பாலத்தின் மேல் மஞ்சள் வைரக்கட்டம் தொங்கும் வளைவுக்குள் போகலாம்; சிவப்பு, வெள்ளை, சிவப்புப் பலகை இருந்தால் போகக் கூடாது. 38 மீட்டர் சரக்குப் படகு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அதனால் நமக்காக நிற்க முடியாது. மாடித் தளத்தில் நாற்காலி போட்டு உட்காருவது இன்பம்தான், ஆனால் பாலம் வரும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது. பேரனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: பாலம் தெரிந்ததும் உரக்கச் சொல்ல வேண்டும்.

மீன்பிடிப்பவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறைத்து நடு ஆற்றில் போங்கள். நம் அலை அவர்கள் தூண்டிலைப் புரட்டும். இந்த ஆற்றில் இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும் கெளுத்தி இனம் ஒன்று இருக்கிறது. நாமும் தூண்டில் போட ஆசைப்பட்டால் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் போடக் கூடாது.

லாக்கைக் கடப்பது

லாக்குக்குச் சில நூறு மீட்டர் முன்னால், ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியிலிருந்து ஒரு நீளத் தடி தண்ணீருக்கு மேல் தொங்கும். மெதுவாக அதன் பக்கத்தில் போய், கையால் பிடித்துக் கால் சுற்று திருப்பிவிட வேண்டும். மஞ்சள் விளக்கு மினுக்கினால் நம் வரவை லாக் பதிவு செய்துவிட்டது. (சில இடங்களில் இதற்குப் பதிலாக ரிமோட் கொடுக்கிறார்கள்.) தடியைப் பிடித்தபடி தொங்கிவிடாதீர்கள், திருப்பியதும் விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு எங்கள் வீட்டில் அடிதடி.

இனி விளக்கைப் பாருங்கள். சிவப்பு மட்டும் என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் தொட்டி நமக்காகத் தயாராகிறது. பச்சை மட்டும் எரிந்தால் உள்ளே போகலாம். இரண்டு சிவப்பு எரிந்தால் லாக் இயங்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் நடு ஆற்றில் மிதந்துகொண்டிருக்காமல் காத்திருப்புத் துறையில் கயிறு போட்டு நில்லுங்கள். அணைப் பக்கம் நீர் இழுக்கும்.

உள்ளே நுழையும்போது நடைவேகம் போதும். தாழ்வான மட்டத்திலிருந்து ஏறுவதால் கல் சுவர் தலைக்கு மேல் நிற்கும், பாசி வழுக்கும். அணியத்துக் கயிற்றின் மடிப்பைக் கொக்கித் தடியால் தூக்கி மேலே உள்ள இரும்புக் குற்றியில் மாட்டலாம். அல்லது கால் திடமான ஒருவர் சுவர் ஏணியில் ஏறி மாட்டலாம். கயிறு குற்றியைச் சுற்றிவிட்டுத் திரும்பப் படகுக்கே வர வேண்டும், முனை கையில் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. நீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள்; திரும்பும் வழியில் நீர் இறங்கும்போது விட்டுக்கொண்டே இருங்கள். இறங்கும்போது கட்டிவிட்டால் படகு கயிற்றில் தொங்கிச் சாய்ந்துவிடும். இன்னொன்றும் இறங்கும்போதுதான்: மேல்பக்கக் கதவின் அடியில் கல் வாசற்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டு அதன் இடத்தைக் காட்டியிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும்.

எல்லோரும் கயிறு பிடித்தாகிவிட்டது என்று உறுதியான பிறகு, சுவரில் உள்ள இரண்டு தடிகளில் நீலத்தை மேலே தூக்குங்கள். கதவு மூடும், நீர் வரும். சிவப்புத் தடி ஆபத்து நிறுத்தத்துக்கு மட்டும். அதைத் தொட்டால் ஊழியர் வந்து சரிசெய்யும் வரை லாக் அசையாது. ஆனாலும் கயிறு சிக்கிக்கொண்டால் தயங்காமல் சிவப்பைத் தூக்குங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. படகு சுவரை நெருங்கினால் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். படகின் எடை டன் கணக்கில். உருளைகள் நசுங்கட்டும்.

ஆள் நின்று இயக்கும் லாக்காக இருந்தால் முதல் சொல் போன்ஜூர். "அப்பா, முதலில் போன்ஜூர் சொல்லுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்" என்று மகள் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துவாள். அது சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் படிக்க நேரம் இல்லாதவர்களும் வணக்கம், நன்றி, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்ற மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆள் இயக்கும் லாக்குகள் பலவற்றில் மதியச் சாப்பாட்டுக்காக மூடுவார்கள். பன்னிரண்டரைக்கு லாக் வாசலில் போய் முறைத்துக்கொண்டு நிற்பதைவிட, பன்னிரண்டு மணிக்கே ஒரு நல்ல கரையில் கட்டி நாமும் சாப்பிடுவது உத்தமம். மாலை ஏழு மணிக்குப் பிறகு எந்த லாக்கையும் நம்பித் திட்டமிடாதீர்கள்.

மதியக் கரை

சேன் சிம்ஃபோரியன் அருகே, ரைன் கால்வாய் பிரியும் இடத்தைத் தாண்டியதும் ஆறு அமைதியாகிவிடுகிறது. பாப்ளர் மரங்கள், மேயும் வெள்ளை மாடுகள், நாரைகள். பொதுப் படகுத்துறை அடையாளம் உள்ள கரையிலோ, தடைப்பலகை இல்லாத புல்கரையிலோ கட்டலாம். புல்கரைக்கு இரும்பு முளைகளும் சுத்தியலும் படகிலேயே இருக்கும். முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். கரையோரப் பாதையின் குறுக்கே கயிறு போகக் கூடாது. சைக்கிள்காரர்கள் தடுக்கி விழுவார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ஐரோப்பிய சைக்கிள் பாதை சேன் ஜான் த லோன் வழியாகத்தான் போகிறது.

கரை ஏறும்போது படகின் மூக்கு நீரோட்டத்தை எதிர்த்து இருந்தால் கட்டுவது எளிது. சிக்கல் என்னவென்றால் சோன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் சொல்வது கடினம். கி.மு. 58இல் இதன் கரையில் போரிட்ட ஜூலியஸ் சீசரே, எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மென்மையாக ஓடும் ஆறு என்று எழுதிவைத்திருக்கிறார். நான் செய்வது இது: மிதவையையோ நட்ட கழியையோ பாருங்கள். நீர் மோதும் பக்கம் சிறு மேடும் மறுபக்கம் வால்போல் கோடும் தெரியும். வால் நீளும் திசையில் ஆறு ஓடுகிறது. மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்பி, முதலில் அணியத்துக் கயிற்றைக் கரையேற்றிக் கட்டுங்கள். நீரோட்டமே பின்பக்கத்தைக் கரையோடு ஒட்டிவைக்கும். யாரும் குதிக்கக் கூடாது. பலகை போட்டு அத்தையைக் கைபிடித்து இறக்குங்கள்.

இரண்டு மணி நேரமாவது அங்கே இருங்கள். புளியோதரையும் அப்பளமும் பாதி, ரொட்டியும் சீஸும் பாதி. திஜோன் பக்கத்துக் காசிஸ் (பிளாக்கரண்ட்) பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்தால் பேரனுக்கு ஆனந்தம். ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறவர் மது தொடக் கூடாது, எவ்வளவு நல்ல பர்கண்டி ஒயினாக இருந்தாலும் மாலை கட்டிய பிறகுதான்.

ஓசொன்

நான்கு, ஐந்து மணிக்குள் ஓசொன் துறையை அடைந்துவிடுங்கள். பருவத்தில் மாலை ஆக ஆக இடம் நிரம்பிவிடும். மின்சாரக் கம்பியை இணைத்து, கயிறுகளை ஒருமுறை சரிபார்த்து, பிறகு ஊருக்குள் நடந்து போகலாம். ஆற்றங்கரையில் பதினோராம் லூயி கட்டிய கோட்டை நிற்கிறது. பீரங்கிப் படையின் இளம் அதிகாரியாக நெப்போலியன் 1788இல் இந்த ஊருக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. சதுக்கத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆற்றோர உணவகங்களில் பொடிமீன் வறுவல் கேளுங்கள். நெத்திலி தின்று வளர்ந்த ராயபுரத்துக்காரர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள், மிளகாய்ப்பொடியைக் கையோடு கொண்டுபோனால் போதும். கீழே வெர்தன் சுர் ல தூ என்ற ஊரில் ஆற்றுமீன்களை வெள்ளை ஒயினில் வேகவைக்கும் பொஷூஸ் என்ற குழம்பு பெயர்பெற்றது. அது இன்னொரு பயணத்துக்கு.

படுக்கும் முன் மாடித்தளத்து நாற்காலிகளை மடக்குங்கள், சமையல் வாயுவின் வால்வை மூடுங்கள். ஞாயிறன்று அதே வழியில் நீரோட்டத்தோடு திரும்பும்போது லாக்கில் இறங்குமுறை, மிதவை நிறம் இரண்டும் மாறும்: சிவப்பு இப்போது வலப்பக்கம். திங்கள் காலை ஒப்படைக்கும்போது மணிக்காட்டியின் எண்ணை மறுபடி படம் எடுத்து, டீசல் கணக்கை நிறுவனத்தாரோடு சேர்ந்து போட்டு, முன்பணம் திரும்பும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குக்கரை மறந்துவிடாதீர்கள், படகுச் சமையலறையின் கீழ் அலமாரி ஆழமானது, பின்னால் தள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.